அத்தான் சொல்லிவிட்ட வார்த்தை

கோமதிநாயகத்துக்கும் பால்பாண்டிக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்பது, மலையாளத்து ஊரான கழக்கூட்டத்தில் வெல்டிங் வேலை கொடுக்கிற எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் இரண்டு பேரையும் சேர்த்துத்தான் கூப்பிடுவார்கள். ஒருத்தரை மட்டும் கூப்பிட்டால் அவர் ஏதாவது சாக்கு சொல்லி வராமல் இருந்துவிடுவார். முகம் பார்த்துப் பேசமாட்டார்களாம், ஆனால் ஒருத்தரை விட்டுவிட்டு ஒருத்தர் வேலைக்கும் போகமாட்டார்களாம். இவர்கள் சொந்த ஊரான வள்ளியூர்ப் பக்கத்துக் கோபம் அப்படித்தான் இருக்கும். அதில் போய் நியாயம் தேடி நாம் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

பால்பாண்டி வேறு யாருமில்லை, கோமதிநாயகத்தின் மனைவி கலைச்செல்விக்குக் கூடப்பிறந்த தம்பி. இன்னும் கல்யாணம் ஆகவில்லை. அக்கா வீட்டுக்கு அடுத்த சந்தில் ஒரு அறை எடுத்து இருந்தானே தவிர, மூன்று வேளைச் சாப்பாடும் அக்கா வீட்டில்தான். அத்தானும் மச்சினனும் ஒரே தட்டில் பரோட்டாவைப் பிய்த்துத் தின்பார்கள். வேலை முடிந்து வருகிற வழியெல்லாம் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டு வருவதைப் பார்த்தால் கலைச்செல்விக்கே கொஞ்சம் பொறாமையாக இருக்கும்.

எல்லாம் சித்திரை மாதத்தோடு போயிற்று. கோமதிநாயகத்தின் மூத்த மகளுக்குச் சடங்கு வைத்திருந்தார்கள். தாய்மாமன் மாலைதான் முதலில் விழவேண்டும். அன்றைக்குக் காலையிலே பார்த்து ஒரு ஹோட்டலில் பாய்லர் ஒழுகுகிறது என்று கூப்பிட்டார்கள், பால்பாண்டியும் சட்டென்று முடித்துவிட்டு வந்துவிடலாம் என்று போனான். வேலை இழுத்துக்கொண்டது. நல்ல நேரம் முடியப் போகிறது என்று ஆளாளுக்கு நெருக்கினார்கள். கலைச்செல்வியின் பெரியப்பா மகன் வன்னியராஜ் பக்கத்தில் நின்றான். அவனும் மாமன் முறைதானே என்று கோமதிநாயகம் அவன் கையில் மாலையைக் கொடுத்துப் போடச் சொல்லிவிட்டார். மாலை விழுந்த கொஞ்ச நேரத்தில் பால்பாண்டி கரி படிந்த முகத்தோடு, பட்டுச்சேலையும் மாலையும் வைத்த தாம்பாளத்தோடு ஓடி வந்தான். மருமகள் கழுத்தைப் பார்த்தான். தாம்பாளத்தை மண்டப வாசலிலேயே வைத்துவிட்டு, கை நனைக்காமல் திரும்பிப் போய்விட்டான்.

ஒரு அரைமணி நேரம் பொறுக்க முடியாமல் அடுத்தவன் கையால் மாலை போட்டாரே என்று இவனுக்கு. என் வீட்டு விசேஷத்தில், அத்தனை சனத்துக்கு முன்னால், சாப்பிடாமல் போனானே என்று அவருக்கு. இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருந்ததுதான் வினையாகப் போயிற்று. ஒருத்தர் பக்கம் மட்டும் தப்பு என்றால் யாராவது ஏசி வழிக்குக் கொண்டுவந்திருப்பார்கள்.

"மொதல்ல அவன் பேசட்டும். நான் மூத்தவன்லா?" என்றார் கோமதிநாயகம்.

"மொதல்ல அத்தான் பேசட்டும். தப்பு அவருதுலா?" என்றான் பால்பாண்டி.

இரண்டையும் கலைச்செல்விதான் கேட்டாள். புருஷன் காலிலும் விழுந்து பார்த்தாள், தம்பி காலிலும் விழுந்து பார்த்தாள். பிறகு தினமும் காலையில் ஒரே குழம்பை இரண்டு தூக்குச்சட்டியில் ஊற்றினாள். ஒன்று புருஷனுக்கு, இன்னொன்று தம்பிக்கு. அது யாருக்குப் போகிறது என்று தெரியாத மாதிரியே கோமதிநாயகம் அதையும் சைக்கிளில் மாட்டிக்கொண்டு போவார்.

வேலை செய்கிற இடத்தில் பேசாமல் முடியுமா? அதற்குத்தான் பிஜி வந்து வாய்த்தான். ஹைவேக்குப் பின்னால், கம்ப்யூட்டர் கம்பெனிப் பிள்ளைகள் தங்குகிற பெரிய ஹாஸ்டல் ஒன்று இருக்கிறது. அங்கே ஜெனரேட்டர் பார்க்கிறவன் பிஜி. உள்ளூர் மலையாளி, இவர்களோடு பழகிப் பழகித் தமிழும் பேசுவான். அந்தக் கட்டிடத்தில் கிரில், படிக்கட்டு, தண்ணீர்த்தொட்டி என்று ஏதாவது வேலை நடந்துகொண்டே இருந்ததால் இவர்கள் பாதி நாள் அங்கேதான் கிடந்தார்கள். அத்தான் சொல்வதை மச்சினனிடமும் மச்சினன் சொல்வதை அத்தானிடமும் கொண்டுபோவது பிஜியின் வேலையானது.

கோமதிநாயகம் நல்ல மனுஷர், வாய்தான் மோசம். அவர் வாயில் எல்லாரும் தினமும் செத்துக்கொண்டே இருப்பார்கள். வெல்டிங் ராடு நனைந்தால் "செத்தான்", கோடு கோணினால் "செத்தான்", டீ ஆறிப்போனால் கடைக்காரன் "செத்தான்". "அந்தக் கூறுகெட்டவன்ட்ட சொல்லு பிஜி, கண்ணு என்ன பொட்டையா, வளைச்சு வளைச்சு ஒட்டுதான், இன்னிக்கு எங்கையால செத்தான்" என்பார். பிஜி அந்தப் பக்கம் போய், "அத்தான் சொன்னது, நல்லா வருது, கொஞ்சம் நேரே பிடிச்சா மதி, அது போதும்னு" என்பான். பால்பாண்டி, "அவரு வேலையை அவரைப் பாக்கச் சொல்லு" என்று முறைப்பான். பிஜி இந்தப் பக்கம் வந்து, மச்சினனைத் தன் பாஷையில் அளியன் என்று வைத்து, "அளியன் சரின்னு சொல்லி, அண்ணா" என்பான். இந்த மாதிரி அவன் தேன் தடவிக் கொண்டுபோவது இரண்டு பேருக்கும் தெரியாது. குடும்பத்துக்குள் சண்டை வளரக்கூடாது என்று அந்தப் பிள்ளை தன்னால் ஆனதைச் செய்துகொண்டிருந்தது.

ஐப்பசியில் துலாமழை தொடங்கியதும் கரண்ட் அடிக்கடி போனது. ஹாஸ்டலுக்கு இரண்டாவது ஜெனரேட்டர் ஒன்று வாங்கினார்கள். பழைய டீசல் டேங்கிலிருந்தே அதற்கும் எண்ணெய் எடுக்கவேண்டும் என்றால் டேங்கின் பக்கவாட்டில், முழங்கால் உயரத்தில், குழாய் மாட்டுவதற்குப் புதிதாக ஒரு சாக்கெட் ஒட்டவேண்டும். ஜெனரேட்டரை நாள்கணக்கில் நிறுத்திப் போட்டு, டேங்கைக் கழுவி, தண்ணீர் நிரப்பி வேலை பார்க்க முடியாது. எண்ணெயை உள்ளே வைத்தபடியேதான் ஒட்டியாகவேண்டும்.

டீசல் டேங்கில் எண்ணெய் இருக்கும்போதே நெருப்பு வைப்பது என்றால் கேட்கிறவனுக்குக் குலை நடுங்கும். ஆனால் இந்த வேலையில் எண்ணெய்தான் காவல். எரிவது எண்ணெயிலிருந்து கிளம்புகிற காஸ். அதுவும் காற்றோடு கலந்து நின்றால்தான் வெடிக்கும். தகட்டுக்கு உட்பக்கம் எண்ணெய் முட்டிக்கொண்டு நிற்கிற இடத்தில் காற்றுக்கு இடமில்லை. வெல்டிங் சூட்டையும் எண்ணெயே வாங்கிக்கொள்ளும். அதனால் ஒட்டுகிற இடத்துக்கு மேலே நல்ல உயரத்துக்கு எண்ணெய் நிற்கவேண்டும், அது ஒன்றுதான் பெரிய சட்டம். தகடு மெலிந்திருந்தால் பொத்துக்கொள்ளும் என்பதால் கனம் பார்க்கவேண்டும். மெல்லிய ராடு, குறைந்த கரண்ட், கொஞ்சம் ஒட்டி, ஆறவிட்டு, மறுபடி கொஞ்சம். சாக்கெட் ஒட்டி, வால்வைத் திருகி மாட்டின பிறகுதான் அந்த வால்வு வழியாகவே தகட்டில் துளை போடுவார்கள். கெட்டது காலி டேங்க். உள்ளே ஒன்றுமில்லை என்று தோன்றும், ஆனால் சுவரிலும் அடியிலும் எண்ணெய் பூசின மாதிரி ஒட்டிக்கிடக்கும். சூடு பட்டதும் அது காஸாகும், காற்று ஏற்கெனவே நிறைய இருக்கும்.

இதெல்லாம் அத்தானுக்கும் மச்சினனுக்கும் சோறு தின்கிற மாதிரி. இதற்கு முன்னாலும் இப்படி எத்தனையோ டேங்க் ஒட்டியிருக்கிறார்கள். ஒட்டுவது பால்பாண்டி. அவனுக்கு அந்தக் கை இருந்தது. எண்ணெய் மட்டம் பார்ப்பது, காஸ் மீட்டர் பிடிப்பது, ஈரச்சாக்கு போர்த்துவது எல்லாம் கோமதிநாயகம். எல்லாம் பார்த்து முடித்து அவர் "வைல மாப்ளே" என்று ஒரு குரல் கொடுப்பார். அந்தக் குரல் வராமல் பால்பாண்டி ராடைத் தகட்டில் தொடமாட்டான், வந்துவிட்டால் அதற்குப்பிறகு தானாக எதையும் பார்க்கமாட்டான். அத்தான் பார்த்ததை நாம் என்ன பார்க்க என்பான். பேச்சு நின்றபிறகு அந்தக் குரலும் நின்றது. இப்போது பிஜி வந்து சொன்னால்தான் உத்தரவு.

அன்றைக்குக் காலையில் கோமதிநாயகம் மேலே ஏறி, மூடி வழியாக அளவுக்கம்பியை விட்டுப் பார்த்தார். முக்கால் டேங்குக்கு மேல் எண்ணெய் இருந்தது. சாக்பீஸால் வெளியே மட்டத்துக்குக் கோடு போட்டார். ஒட்டுகிற இடத்துக்கு மேலே ஒரு ஆள் நெஞ்சு உயரத்துக்கு எண்ணெய். பால்பாண்டியும் அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டான். பெயிண்டைச் சுரண்டி, தகட்டுக் கனம் பார்த்து, சாக்கெட்டை வைத்துப் பொருத்திப் பார்ப்பதற்குள் சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டது.

பிஜி மட்டும் காலையிலிருந்தே டேங்கைச் சுற்றிச் சுற்றி வந்தான். "அண்ணா, உள்ள எண்ணெயை வச்சுக்கிட்டு தீயா? ஒண்ணும் பற்றில்லையா, ஒண்ணும் ஆகாதா?" என்று கேட்டான்.

"போல, அதெல்லாம் நாங்க பாத்துக்கிடுவோம். நீ உன் ஜெனரேட்டரைப் பாரு" என்று சிரித்தார் கோமதிநாயகம். ஏன் பயமில்லை என்று அவனுக்கு ஒரு நிமிஷம் எடுத்துச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எண்ணெயோடு இத்தனை வருஷமாகப் புழங்குகிறவனுக்கு இதுகூடவா தெரியாது என்று நினைத்துக்கொண்டார்.

முன்வாசல் செக்யூரிட்டி ஷெட்டில் உட்கார்ந்து இரண்டு பேரும் சாப்பிட்டார்கள். கோமதிநாயகம் ரோட்டைப் பார்த்து, பால்பாண்டி சுவரைப் பார்த்து. இரண்டு சட்டியிலும் சாளை மீன்குழம்பு. முதுகோடு முதுகு காட்டிக்கொண்டு ஒரே குழம்பை இரண்டு பேரும் வழித்து வழித்துத் தின்பதைப் பார்த்து செக்யூரிட்டிக்காரர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அந்த நேரத்தில் பின்பக்கம் பிஜி பம்பை மாட்டி டேங்கிலிருந்த டீசல் முழுவதையும் ஜெனரேட்டர் ஷெட்டிலிருந்த பாரல்களுக்கு மாற்றிக்கொண்டிருந்தான். பாரலிலிருந்தே ஜெனரேட்டருக்கு ஹோஸும் போட்டு ஓடவிட்டான். எண்ணெயே இல்லாவிட்டால் எது பற்றும்? இந்த இரண்டு அண்ணன்மாருக்கும் ஒன்றும் ஆகிவிடக்கூடாது என்றுதான் அவன் சோறுகூடத் தின்னாமல் அதைச் செய்தான்.

சாப்பிட்டு வந்ததும் பால்பாண்டி டேங்கின் பின்புறம், காம்பவுண்டுச் சுவர்ப் பக்கம், ஒரு பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தான். வெல்டிங் மாஸ்க்கைத் தலைக்கு மேலே தள்ளி வைத்துக்கொண்டு உத்தரவுக்குக் காத்திருந்தான். ஜெனரேட்டர் காதைப் பிய்த்தது. ஒவ்வொரு தடவையும் நெருப்பு வைக்குமுன் மட்டம் பார்ப்பது கோமதிநாயகத்தின் பழக்கம். ஏறி, கம்பியை விட்டார். கம்பி அடியில் போய் இடித்தது. எடுத்துப் பார்த்தால் நுனியில் மட்டும் ஈரம்.

கம்பியை அப்படியே போட்டார். இறங்கி ஷெட்டுக்கு வந்தார்.

"எங்கல எண்ணெய்?"

"பாரலுக்கு மாத்தியாச்சு அண்ணா. இனி பயமே வேண்டாம், பேடிக்கவே வேண்டாம்" என்று பிஜி சிரித்தான்.

"கூறுகெட்ட மூதி! யாரைக் கேட்டுல எடுத்த? ஏம்ல, உன்னிய யாரு எடுக்கச் சொன்னா?" கோமதிநாயகம் கத்தின கத்தலில் பிஜியின் முகம் சிறுத்துப்போயிற்று. வெயிலில் நின்று ஒத்தையில் பம்ப் அடித்தவனுக்கு இதுவா கிடைக்கவேண்டும்? எதற்கு ஏசுகிறார் என்றும் அவனுக்குப் புரியவில்லை.

டேங்கைச் சுற்றி அந்தப் பக்கம் போக எவ்வளவு நேரமாகும்? நாலு எட்டு வைத்தால் பால்பாண்டியின் தோளைத் தொட்டுவிடலாம். கோமதிநாயகத்தின் கால் அந்தப் பக்கம் திரும்பவும் செய்தது. போய் நின்றால் அவன் முகத்தைப் பார்க்கவேண்டும், பார்த்துப் பேசவேண்டும். சித்திரையிலிருந்து கட்டிக்காத்த வைராக்கியம் அது. அவர் கால் நின்றுவிட்டது.

"அந்தக் கூறுகெட்டவன்ட்ட போய்ச் சொல்லு, டேங்க் காலின்னு. ராடை வச்சான்னா இன்னிக்கோட செத்தான்னு சொல்லு" என்றார் பிஜியிடம்.

பிஜி தலையைக் குனிந்துகொண்டு போனான். சொன்னால் அவன் எழுந்து வந்துவிடுவான் என்று கோமதிநாயகத்துக்குத் துளி சந்தேகம் இல்லை. எந்த வெல்டருக்கும் அந்த இரண்டு வார்த்தை போதும். எண்ணெயைத் திருப்பி ஊற்ற என்ன வழி என்று பம்ப் ஹோஸைக் கழற்றி மாட்ட ஆரம்பித்தார். நாலு திருகு திருகியிருப்பார். காம்பவுண்டுச் சுவரில் நீலமாக வெளிச்சம் வெட்டி வெட்டி விழுந்தது.

"ஏல பாண்டி! மாப்ளே! எடுல! ராடை எடுல!"

எத்தனையோ மாசத்துக்குப் பிறகு அவர் அவனைக் கூப்பிட்டது அதுதான். ஜெனரேட்டர் சத்தத்தில் அது அவர் காதுக்கே கேட்கவில்லை. ஹோஸைப் போட்டுவிட்டு ஓடினார். டேங்கின் மூலையைத் திரும்புவதற்குள் பூமி தூக்கிப்போட்ட மாதிரி ஒரு சத்தம். அவரை ஷெட் சுவரில் கொண்டுபோய் அடித்தது.

கண் விழித்தபோது இடதுகை ஒடிந்து தொங்கியது. புகைக்குள் தவழ்ந்து போய்ப் பார்த்தார். டேங்க் வாய் பிளந்து கிடந்தது. பால்பாண்டி சுவரோரம் கிடந்தான். பார்த்ததைக் கடைசிவரை அவர் யாரிடமும் சொல்லவில்லை. நாமும் அதை விட்டுவிடுவோம்.

பெரிய ஆஸ்பத்திரியில் பால்பாண்டியைத் தீக்காய வார்டுக்குக் கொண்டுபோனார்கள். கோமதிநாயகத்துக்குக் கையில் மாவுக்கட்டு போட்டு வெளியே பெஞ்சில் உட்காரவைத்தார்கள். கலைச்செல்வி வந்தாள். அழவில்லை. டாக்டர்மாரிடம் அரைகுறை மலையாளத்தில் கேட்டுக்கொண்டே இருந்தாள். உடம்பில் முக்கால்வாசி வெந்துபோய்விட்டது, கண் இரண்டிலும் கட்டு, காது இரண்டும் வெடிச்சத்தத்தில் கிழிந்துவிட்டது, எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார்கள். அவர்கள் குறை வைக்கவில்லை, ஓடி ஓடித்தான் பார்த்தார்கள்.

மறுநாள் காலையில் பிஜி வந்தான். நெற்றியில் பிளாஸ்திரி. பால்பாண்டியிடம் சொல்லிவிட்டு அவன் கேட் பக்கம் போயிருந்ததால் தப்பித்தான். வந்ததும் கோமதிநாயகத்தின் காலடியில் தரையில் உட்கார்ந்தான்.

"நான் சொன்னதைச் சொன்னியால?" என்று கேட்டார் கோமதிநாயகம். ராத்திரி முழுக்க அவருக்கு மண்டைக்குள் ஓடினது அதுதான். பால்பாண்டி அதைக் கேட்டும் வைத்திருப்பான் என்று அவரால் நம்ப முடியவில்லை. வீம்புக்காக வைத்தானா? நான் சொன்னதால் வைத்தானா?

 பிஜிக்குப் பேச்சு அழுகையோடுதான் வந்தது. "அண்ணன் எப்பவும் ஏசுற மாதிரி ஏசுறதுன்னு நினைச்சேன். செத்தான்னு அண்ணன் தினமும் சொல்றதுதானே. அதைப் போய் எப்படி அளியன்ட்ட சொல்ல? எண்ணெய் எடுத்ததுக்கு அண்ணன் ஏசி. அளியனும் ஏசுவான்னு பேடிச்சு அதையும் சொல்லல. அத்தான் சொன்னது, பாத்து, சூட்சிச்சு செய்யணும்னு... அது மட்டும்தான் சொன்னேன்."

கோமதிநாயகம் பெஞ்சிலிருந்து அவன் பக்கம் குனிந்தார்.

"கேட்டதும் அளியன் எந்திரிச்சு நின்னு அண்ணா. 'அத்தானா? அத்தானே சொன்னாரா?'ன்னு ரெண்டு தடவை கேட்டு. ஆமான்னேன். முகம் அப்படியே மாறிப்போச்சு. சிரிச்சுக்கிட்டேதான் மாஸ்க்கை இறக்கி."

பிஜியை அடிக்கவேண்டும் என்று கோமதிநாயகத்துக்குத் தோன்றியது. நல்ல கையை ஓங்கவும் செய்தார். ஓங்கின கை அவன் தலையில் போய் அப்படியே கிடந்தது. இவன் இத்தனை மாசமாகத் தன் வாயிலிருந்து போன விஷத்தையெல்லாம் கழுவிக் கழுவிக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறான். ஒரே ஒரு தடவை, உயிரைக் காக்க வேண்டிய வார்த்தையையும் அப்படியே கழுவிவிட்டான். அவனை என்ன சொல்லி அடிப்பது? தானே நாலு எட்டு நடந்து போயிருந்தால் போதுமே என்ற நினைப்பு வந்தது. பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதார்.

சாயங்காலம் ஆளுக்குக் கொஞ்ச நேரம் உள்ளே போய்ப் பார்க்கலாம் என்று நர்ஸ் சொன்னாள். கலைச்செல்வியும் கோமதிநாயகமும் பச்சை அங்கியை மாட்டிக்கொண்டு போனார்கள். கட்டிலில் முழுக்க வெள்ளைக் கட்டு. வாய் மட்டும் தெரிந்தது. முந்தின நாள் ஒரு நிமிஷம் உள்ளே விட்டபோதே கலைச்செல்வி ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். கால் பெருவிரலில் கட்டு இல்லாத ஒரு இடம் இருந்தது, சின்ன வயதில் அவனை எழுப்பத் தொடுகிற மாதிரி அங்கே தொட்டால் அக்கா என்று அவனுக்குத் தெரியும். தொட்டாள்.

"அக்கா" என்றான் பால்பாண்டி. குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "அத்தானுக்கு ஒண்ணும் ஆகலல்லா?"

"இல்லப்பா, இந்தா நிக்காரு" என்றாள் அவள். அது அவனுக்குக் கேட்கவில்லை என்பது தெரிந்தும் சொன்னாள்.

கோமதிநாயகம் குனிந்தார். கட்டு போட்ட காதுக்குப் பக்கத்தில் வாயை வைத்து, "மாப்ளே, நான்தாம்ல. அத்தான்ல. தப்பு என்னுதுதாம்ல. அன்னிக்கு நான் காத்திருக்கணும்ல. நீ வாரது வரைக்கும் காத்திருக்கணும்லா" என்றார். ஒன்றும் அசையவில்லை. இன்னும் சத்தமாகச் சொன்னார். அடுத்த கட்டிலில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினார். நர்ஸ் ஓடிவந்து அவர் தோளைப் பிடித்து, எத்தனை உரக்கச் சொன்னாலும் அவருக்குக் கேட்காது சேட்டா என்றாள். அவர் கேட்கவில்லை. சித்திரையிலிருந்து தேக்கி வைத்ததெல்லாம் கொட்டிக்கொண்டே இருந்தது. கேட்கவேண்டியவன் ஒரு முழம் தள்ளிக் கிடந்து அக்காவிடம் மட்டும் பேசிக்கொண்டிருந்தான்.

"அக்கா, உனக்கு ஒண்ணு தெரியுமா? அத்தான் மொதல்ல பேசிட்டாரு. பாத்து செய்யின்னு சொல்லிவிட்டாரு. பிஜி வந்து சொன்னான்." கொஞ்சம் மூச்சு வாங்கினான். "நான்தான் கவனிக்காம என்னமோ செஞ்சிட்டேன் போல. அத்தானை ஏசாதக்கா. அவரு சொல்லத்தான் செஞ்சாரு."

கலைச்செல்வி அப்போதுதான் அழுதாள். புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் இருந்தது நன்றி. இத்தனை வருஷத்தில் அவள் அவரை அப்படிப் பார்த்ததில்லை. அவர் ஒடியாத கையைப் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "பேசிட்டீங்களா? எங்கிட்டகூடச் சொல்லலியே. நீங்க மொதல்ல பேசினீங்களே, எனக்கு அது போதும்ங்க."

இல்லை என்று சொல்ல கோமதிநாயகம் வாயைத் திறந்தார். என்ன சொல்லி அனுப்பினேன் என்பதை அவளிடம் சொல்லவேண்டும் என்றுதான் இருந்தது. அவள் முகத்தைப் பார்த்தார், கட்டிலைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார்.

பால்பாண்டி அதற்கப்புறம் பேசவில்லை. விடிகிற நேரத்தில் போய்விட்டான்.

கொண்டுபோய் ஊரில் அடக்கம் செய்துவிட்டு வந்தார்கள். கழக்கூட்டத்து வீட்டுக்குத் துக்கம் கேட்க ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். கூட வேலை செய்தவர்கள், ஹாஸ்டல் மானேஜர், டீக்கடைக்காரர், சடங்கில் மாலை போட்ட வன்னியராஜ். வருகிற ஒவ்வொருத்தரிடமும் கலைச்செல்வி அதையே சொன்னாள். "எப்படியோ, போறதுக்கு முன்னால ரெண்டு பேரும் ராசியாயிட்டாங்க. இவுகதான் மொதல்ல பேசினது. பாத்து செய்யி மாப்ளேன்னு சொல்லிவிட்டிருக்காக." சொல்லிவிட்டு அவள் புருஷன் பக்கம் திரும்புவாள். கோமதிநாயகம் தலையை ஆட்டவேண்டும். ஆட்டுவார். பாவி மனுஷி அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்து நடமாடுகிறாள் என்று அவருக்குத் தெரியும். ஒவ்வொரு தடவை ஆட்டும்போதும் நெஞ்சுக்குள் யாரோ சூடு வைக்கிற மாதிரி இருந்தது.

கடைசியாக பிஜி வந்தான். செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றான். உள்ளே வர அவனுக்குக் கால் வரவில்லை. கலைச்செல்விதான் எழுந்து போய் அவன் கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள்.

"நீதானேய்யா கொண்டுபோய்ச் சொன்னது? இவுக சொன்ன வார்த்தையை எந்தம்பி காதுல போட்டது நீதானே? நீ நல்லாருக்கணும்யா. அவன் சந்தோசமாத்தான் போனான். நீயே சொல்லு, இவுக என்ன சொல்லி அனுப்பினாக? உன் வாயால ஒருக்கா கேக்கணும்."

பிஜி கோமதிநாயகத்தைப் பார்த்தான். கோமதிநாயகமும் அவனைப் பார்த்தார். அன்றைக்கு அவர் வாயிலிருந்து வந்தது என்ன என்று இந்த உலகத்தில் தெரிந்தது அவர்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான். சொல்லிவிடுல, சொல்லித் தொலைச்சிருல என்று அவர் மனசு கிடந்து கெஞ்சியது. சொல்லிவிடாதே என்றும் கெஞ்சியது.

"பாத்து செய்யணும்னு சொன்னாரு சேச்சி" என்றான் பிஜி. "அண்ணன் பாசமாத்தான் சொன்னாரு."

கலைச்செல்வி புருஷன் பக்கம் திரும்பினாள். கோமதிநாயகம் தலையை ஆட்டினார்.